உஷார்! உங்கள் சிம்னி பைப் எங்கே போய் முடிகிறது?

அம்மாக்களே, அக்காக்களே, தங்கச்சிகளே! அடுப்பில் ஏதாவது இருந்தால் முதலில் அணைத்துவிட்டு வாருங்கள். உட்கார்ந்து, நிதானமாகப் படிக்க வேண்டிய விஷயம் இது.

உங்கள் வீட்டு சிம்னி என்ன பிராண்ட் என்று கேட்டால் டக்கென்று சொல்வீர்கள். எவ்வளவு விலை, எந்த ஆடித் தள்ளுபடியில் வாங்கியது, ஆட்டோ கிளீன் உண்டா, எத்தனை வருஷ வாரண்டி, எல்லாம் மனப்பாடம். சரி, அதன் தலையிலிருந்து ஒரு பைப் கிளம்பிப் போகிறதே, அது எதனால் செய்தது? எத்தனை அங்குலம்? எத்தனை இடத்தில் வளைகிறது? எங்கே போய் முடிகிறது?

தெரியாது, இல்லையா?

இந்தத் தெரியாமைதான் ஒரு வீட்டையே எரிக்கப் பார்த்தது.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருக்கள் இப்போது எப்படி ஆகிவிட்டன என்று உங்களுக்கே தெரியும். காலி மனையாகக் கிடந்த இடத்திலெல்லாம் அடுக்குமாடி வந்துவிட்டது. பகவான் காலடியில் மிச்ச நாளைக் கழிக்கலாம் என்று ரிட்டயர் ஆனவர்கள் வருகிறார்கள். சீசனுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். 'மாடுலர் கிச்சன், சிம்னியுடன்' என்று போர்டு போட்டால் வாடகை கூடுதலாகக் கிடைக்கும். அதனால் எல்லா வீட்டிலும் ஒரு சிம்னி தொங்குகிறது.

அப்படி ஒரு வீட்டின் முதல் மாடிக்கு வாடகைக்கு வந்தவர்கள் ஒரு வயதான தம்பதி. பெயர் வேண்டாம். கணவருக்கு ஆஸ்துமா. அதனாலேயே, சிம்னி இருக்கும் வீடாகப் பார்த்துத் தேடிப் பிடித்தார்கள். குடிவந்த கொஞ்ச நாளிலேயே அந்த அம்மா ஒன்றைக் கவனித்தார். சமைக்காத நேரத்திலும் சமையலறையில் பழைய எண்ணெய் வாடை. ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு மூலையில் மஞ்சள் கறை. மழைநீர் ஒழுகலாக இருக்கும் என்று வீட்டு ஓனர் சொன்னார். இவரும் விட்டுவிட்டார்.

கிரிவலத்துக்கு வந்த உறவுக்காரர்களுக்காக ஒரு பௌர்ணமியன்று வடை சுட்டுக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போய் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவதற்குள் வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டது. மேலே சிம்னி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது அந்தத் தீயை அப்படியே மேலே இழுத்தது.

அந்த அம்மா பதறவில்லை. அடுப்பை அணைத்து, பெரிய தட்டை எடுத்து வாணலியை மூடினார். மிகச் சரியான செயல். தீ அடங்கியது. அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

தீ அடங்கவில்லை. மேலே போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஃபால்ஸ் சீலிங் விளக்குகளின் ஓட்டை வழியாகக் கறுப்புப் புகை இறங்கியது. உள்ளே போயிருந்தது பி.வி.சி. பைப். அதுவும் 4 அங்குலம். அது உருகிச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பிறகு ஃபால்ஸ் சீலிங்கே ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஓடிவந்து இருவரையும் வெளியே இழுத்து வந்தார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. அந்த அம்மாவுக்குக் கையில் தீக்காயம். பி.வி.சி. புகையைச் சுவாசித்த கணவருக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் தப்பியது அண்ணாமலையார் புண்ணியம்.

எல்லாம் முடிந்து சீலிங்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த பைப் வெளிச்சுவர் வரைக்கும் போகவே இல்லை! சுவருக்கு இரண்டடி முன்னாலேயே, சீலிங்குக்கு உள்ளேயே, வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறது. சுவரைத் துளைக்கும் மெஷின் அன்றைக்கு இல்லை, அப்புறம் வந்து போடுகிறேன் என்று போன ஃபிட்டர் வரவே இல்லை. அதற்குள் கார்பெண்டர் வந்து சீலிங்கை மூடிவிட்டார். முன்பு குடியிருந்தவர்கள் சுட்ட வடையிலிருந்து இவர்கள் பொரித்த அப்பளம் வரைக்கும் எல்லா எண்ணெய்ப் புகையும் அந்த இருட்டுக்குள்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நீங்கள் சிம்னியைப் போட்டதும் புகை காணாமல் போகிறதே, அது எங்கே போகிறது என்று ஒரு நாளாவது வெளியே போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

பொரிக்கும்போது எழும் புகையில் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக மிதக்கிறது. ஃபில்டர் அதில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். மிச்சம் பைப்புக்குள் போகும், ஆறும், உட்சுவரில் படியும். அதன்மேல் தூசி ஒட்டும். வெளிமுனையில் இருக்கும் இறக்கை மூடியைத் தொட்டுப் பாருங்கள். பழுப்பு நிறத்தில், பிசின்போல் விரலில் ஒட்டும். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. கண்ணுக்குத் தெரியும் மூடியே இப்படியென்றால் உள்ளே எப்படி இருக்கும்? அத்தனையும் எரியக்கூடிய சரக்கு.

மறைவான இடத்தில் பற்றும் தீ எவ்வளவு கொடியது என்பதற்கு 2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சிறிய உணவகத்தின் சமையலறைப் புகைக்குழாயில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கில் தீப்பற்றி, சீலிங்குக்கு மேலே வெகுநேரம் யாருக்கும் தெரியாமல் எரிந்திருக்கிறது. கீழே சாதாரணமாகத்தான் இருந்தது. உள்ளே போன தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் அந்தத் தீயில் உயிரிழந்தார்கள். தீயோடு பழகியவர்களுக்கே இந்தக் கதி.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம்.

பி.வி.சி. பைப்பா? வேண்டவே வேண்டாம்.

"எல்லா வீட்லயும் இதாம்மா போடறோம், ஒண்ணும் ஆவாது" என்பார் ஃபிட்டர். பொய் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன். தினப்படி சாம்பார், ரசம் வைக்கும் சூட்டுக்கு அந்த பைப் தாக்குப்பிடிக்கத்தான் செய்யும். ஆனால் பி.வி.சி. சுமார் 80 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பித்துவிடும். வாணலியில் தீப்பிடித்து அது மேலே போனால் சூடு அதைப்போலப் பல மடங்கு. பைப் உருகும், எரியும், எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயுவைக் கக்கும். அந்த வாயு மூக்கு, தொண்டை, நுரையீரலின் ஈரத்தில் கலந்தால் அமிலமாகிவிடும். மழைநீர் இறங்குவதற்கும் கழிவுநீர் போவதற்கும் செய்த பைப் அது. நெருப்புக்கு மேலே அதற்கு என்ன வேலை?

அமெரிக்காவில் வீடுகளுக்கான கட்டட விதியிலேயே அடுப்புக்கு மேலுள்ள புகைக்குழாய் உலோகமாக இருக்க வேண்டும், உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும், வீட்டுக்கு வெளியேதான் முடிய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வடையும் பூரியும் தினம் பொரிக்காத ஊரிலேயே இத்தனை கவனம். நமக்கு எவ்வளவு வேண்டும்!

ஜி.ஐ. தகட்டிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ செய்த உருளைப் பைப் கேளுங்கள். ஹார்டுவேர் கடையில் இல்லையென்றால் தகர வேலை செய்பவரிடம் அளவு கொடுத்தால் செய்து தருவார். மடிப்பு மடிப்பாக இழுபடும் அலுமினியம் பைப் இருக்கிறதே, அது சிம்னிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு மூன்று அடிக்கு மட்டும் என்றால் சரி. அதிலும் ஏமாற்று உண்டு. பிளாஸ்டிக் தாளில் வெள்ளிப் பூச்சுப் பூசி, உள்ளே கம்பிச் சுருள் வைத்து விற்கிறார்கள். விரலால் அழுத்தினாலே கிழியும். அது அலுமினியம் அல்ல, அலுமினியம் வேஷம். நல்ல பைப்பையும் முழுசாக இழுத்து நீட்டிப் பொருத்தச் சொல்லுங்கள். மிச்ச நீளத்தைச் சுருட்டி லாஃப்டில் திணித்துவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு மடிப்பும் எண்ணெய் தேங்கும் பள்ளம்.

அளவு! இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

பெரும்பாலான சிம்னிகளின் வாய் 6 அங்குலம், அதாவது 150 மில்லிமீட்டர். பைப்பும் கடைசி வரைக்கும் அதே 6 அங்குலம் இருக்க வேண்டும். சுவரில் ஏற்கெனவே 4 அங்குல ஓட்டை இருக்கிறது, ரெட்யூசர் போட்டுச் சமாளிக்கலாம் என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். 6 அங்குல பைப்பின் வாய்ப்பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். 4 அங்குல பைப்புக்குச் சுமார் 12½தான். பாதிகூட இல்லை! பாயசத்தை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுகிற கதைதான். மோட்டார் திணறும், சத்தம் கூடும், புகை போகாது. போகாத புகையின் எண்ணெய் பைப்பிலேயே தங்கும். சத்தம் தாங்காமல் நீங்களே சிம்னியை அணைத்துவிட்டுச் சமைப்பீர்கள். அப்புறம் எதற்கு அத்தனை ஆயிரம் செலவு?

வளைவும் அப்படித்தான். ஒவ்வொரு எல்போவும் காற்றின் வேகத்தைத் தின்னும். எல்போவின் முழங்கையில்தான் பிசுக்கு அதிகம் சேரும். ஒன்றோடு முடித்தால் நல்லது, இரண்டுக்கு மேல் போனால் சிம்னி இருக்கும் இடத்தையே மாற்ற யோசியுங்கள். மாடுலர் கிச்சன் படத்தில் அழகாக இருக்கிறது என்பதற்காக அடுப்பை உள்சுவரில் வைத்துவிட்டு, பைப்பை வீட்டைச் சுற்றி ஊர்வலம் விடாதீர்கள். அடுப்பு வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் இந்தப் பிரச்னையில் முக்கால்வாசி ஓடிப்போகும். நம் பாட்டிமார் காலத்து ஓட்டு வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே புகைக்கூண்டு இருந்தது. வளைவு கிடையாது, மறைவு கிடையாது, கரி படிந்தால் அண்ணாந்து பார்த்தாலே தெரியும்.

சுவரைத் துளைக்கும்போது பீம், லிண்டல் இருக்கும் இடத்தில் கை வைக்கவிடாதீர்கள். பைப் வெளிப்பக்கமாக லேசாகச் சரிந்திருக்கட்டும், இல்லையென்றால் ஐப்பசி மழைத்தண்ணீர் அடுப்பின் மேல் வந்து சொட்டும். இணைப்புகளில் வெறும் செலோ டேப் ஒட்டினால் சூட்டிலும் எண்ணெயிலும் சில மாதத்திலேயே உரிந்து வந்துவிடும். இரும்பு கிளாம்ப் போட்டு முறுக்கி, அதன்மேல் அலுமினியம் டேப் சுற்ற வேண்டும்.

அடுத்தது, நம் பகுதிக்கே உரிய ஆபத்து. குரங்கு!

மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் அவை விட்டுவைப்பதில்லை. அலுமினியம் பைப்பைப் பிடித்துத் தொங்கும். மூடியைப் பிடுங்கி எறியும். மூடி போன பைப்புக்குள் மைனா கூடு கட்டும், அணில் நார் கொண்டுவந்து அடைக்கும். காய்ந்த நாரும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரே குழாயில்! இதைவிட நல்ல தீமூட்டி உண்டா? வெளியே நீட்டும் பாகம் முழுக்கத் தகட்டு பைப்பாக இருக்கட்டும். இறக்கை மூடியை ஆணியில் தொங்கவிடாமல் சுவரோடு போல்ட் அடித்து முடுக்குங்கள். கொசுவலை மட்டும் கட்டிவிடாதீர்கள், சீக்கிரமே எண்ணெயில் அடைபட்டுப் போகும்.

குரங்கால் வரும் இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. சொன்னால் திடுக்கிடுவீர்கள்.

குரங்குக்குப் பயந்து நாம் என்ன செய்கிறோம்? எல்லா ஜன்னலையும் அடைத்துவிடுகிறோம். கதவையும் சாத்திவிடுகிறோம். இந்த அடைத்த வீட்டுக்குள் மணிக்கு 1000 கன மீட்டர் இழுவை என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்த சிம்னியைப் போடுகிறோம். 10 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள சமையலறையில் இருப்பதே சுமார் 23 கன மீட்டர் காற்று. பெட்டியில் போட்ட கணக்குப்படியே இழுத்தால், ஒரு மணி நேரத்தில் அந்தக் காற்றை 40 தடவைக்கு மேல் வெளியேற்ற வேண்டும். அதில் பாதிதான் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போன காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்து வரும்?

கிடைக்கிற ஓட்டை வழியாக வரும். பாத்ரூமில் கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தால், அதன் புகை வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே இழுபடும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். நிறம் கிடையாது. வாசனை கிடையாது. இருமல்கூட வராது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். அடுத்தது மயக்கம். குளிக்கப்போன பிள்ளை வெளியே வராது. குளிர்காலம் வந்தால் கேஸ் கீசர் மரணச் செய்திகள் பேப்பரில் வருவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

கேஸ் கீசர் ஓடும்போது சிம்னி ஓடவே கூடாது. கீசரின் புகைக்குழாயையும் சிம்னி பைப்பையும் ஒரே ஓட்டையில் சொருகவே கூடாது. சிம்னி போடும்போதெல்லாம் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். குரங்கு வருமே என்றால் உறுதியான கம்பி வலை அடித்துவிட்டுத் திறங்கள். அடைப்பது தீர்வல்ல.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சுவரில் ஓட்டை போட ஓனர் சம்மதிக்கவில்லையா? சிம்னியே வேண்டாம். ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். பைப் இல்லாத சிம்னி என்று கார்பன் ஃபில்டர் வைத்து விற்கிறார்களே, அது வாடையைக் குறைக்கும், ஆனால் வெக்கையையும் ஈரத்தையும் அடுப்பு வாயுவையும் வீட்டுக்குள்ளேயே திருப்பி விடும். ஃபில்டரை அடிக்கடி மாற்றாவிட்டால் அந்த வாடைகூடக் குறையாது. அதற்காகப் புகையில் நின்று சமையுங்கள் என்று சொல்லவில்லை. அதிக சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. புகை வெளியே போயே ஆக வேண்டும். ஒழுங்கான வழியில் போக வேண்டும், அவ்வளவுதான்.

கஃபே, ஹோம்ஸ்டே நடத்துகிற தம்பி தங்கைகளே, உங்கள் அடுப்பு காலை முதல் இரவு வரை எரிகிறது. வீட்டு சிம்னி பைப் உங்களுக்குப் போதாது. கனமான இரும்புத் தகட்டில் வெல்டிங் செய்த டக்ட், திறந்து சுத்தம் செய்யக் கதவு, இரண்டும் கட்டாயம். 1997 டிசம்பரில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு துரித உணவுக் கடையில் கிளம்பிய தீ, புகைக்குழாய்க்குள் புகுந்து பரவியதில் விமானங்களே ரத்தாயின. உங்கள் மாடியில் ராத்திரி பத்துப் பேர் தூங்குகிறார்கள். நினைவிருக்கட்டும்.

சரி, உங்கள் வீட்டில் ஆபத்து ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறதா? இவற்றைப் பாருங்கள்.

சமைக்காத நேரத்திலும் பழைய எண்ணெய் வாடை வருகிறது. ஃபால்ஸ் சீலிங்கிலோ லாஃப்ட் மூலையிலோ மஞ்சள் கறை, பிசுபிசுப்பு. திடீரென்று கரப்பான்பூச்சி பெருகுகிறது.

சிம்னியின் சத்தம் முன்பைவிடக் கூடியிருக்கிறது, புகை மட்டும் குறையவில்லை.

ஒரு செய்தித்தாளை ஃபில்டருக்கு அடியில் பிடியுங்கள். அடுப்பு அணைந்திருக்கட்டும். சிம்னி ஓடும்போது தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் எங்கோ அடைப்பு. ஒட்டினால் மட்டும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அந்தத் தம்பதி வீட்டிலும் ஒட்டியிருக்கும். வெளியே போய் இறக்கை மூடி திறந்து காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பாருங்கள். உள்ளே இழுக்கிறது, வெளியே வரவில்லை என்றால் பைப் நடுவில் கழன்றிருக்கிறது, அல்லது சுவர் வரை போகவே இல்லை. அன்றே சிம்னியை நிறுத்துங்கள். சீலிங்கைப் பிரியுங்கள்.

சிம்னி போட்டதும் சமையலறைக் கதவு தானாகச் சாத்துகிறது, ஜன்னல் இடுக்கில் விசில் சத்தம் வருகிறது. வீடு காற்றுக்குத் தவிக்கிறது என்று அர்த்தம். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் வந்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு உடனே எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

பைப் வெளியே முடியும் இடத்தில் பக்கத்து வீட்டு ஜன்னலோ, மின்சார வயரோ, துணி காயப்போடும் கொடியோ இருக்கிறதா? அபார்ட்மென்டில் தண்ணீர்க் குழாய்கள் இறங்கும் இடுக்குக்குள் விட்டிருக்கிறார்களா? உங்கள் புகை மேல் வீட்டுப் பாத்ரூமுக்குள் போய்க்கொண்டிருக்கும்.

புதிதாகப் போடுகிறீர்கள் என்றால், ஃபிட்டர் வரும் அன்று வீட்டில் இருங்கள். டீ போட்டுக் கொடுத்துவிட்டு சீரியல் பார்க்கப் போய்விடாதீர்கள். அவர் பக்கத்திலேயே நில்லுங்கள். அடுப்புக்கும் சிம்னிக்கும் நடுவே 26 முதல் 30 அங்குலம் இடைவெளி இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து, கையேட்டில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். பைப் முழுவதும் கண்ணில் படும்போதே செல்போனில் படம் எடுங்கள். படம் எடுக்காமல் கார்பெண்டரை மூடவிடாதீர்கள். மூடினாலும், திறந்து பார்க்க ஒரு சின்னக் கதவு வைக்கச் சொல்லுங்கள்.

கேஸ் வாடை வந்தால் சிம்னியைப் போட்டு வெளியேற்றலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள்! எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். மேலே இருக்கும் சிம்னி அதை எடுக்காது. சுவிட்சில் எழும் ஒரு பொறி போதும், வீடு போய்விடும். எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குக் கூப்பிடுங்கள்.

வாணலி பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எண்ணெய் வெடித்துச் சிதறும். அடுப்பை அணையுங்கள். சிம்னியையும் அணையுங்கள். மூடியால் மூடுங்கள். தீ சிம்னிக்குள் போனது என்று சந்தேகம் வந்தாலே போதும், வீட்டிலிருக்கும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து 101-க்கோ 112-க்கோ போன் போடுங்கள். கீழே தீ தெரியவில்லையே என்று உள்ளே நிற்காதீர்கள்.

உங்கள் வீட்டில் இருப்பது பி.வி.சி. பைப் என்றால், தீபாவளிப் பலகாரத்துக்கு எண்ணெய் காய வைப்பதற்கு முன்னால் அதைக் கழற்றி எறிந்துவிடுங்கள் தாயே. வாடகை வீடு என்றால் ஓனரைக் கூட்டிவந்து காட்டுங்கள். மாற்றித் தரும்வரை சிம்னி சுவிட்சைத் தொடாதீர்கள்.